ஒரு மாரி கண்ட வளவு: மாசியில் தோட்டம், பொழுதுபட ஊர் சுற்றல்

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் வருடம் வளவில் பெரிதாக எதையும் நட வேண்டாம். ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கைத் தடி, குசினிக்குப் பின்னால் கொஞ்சம் ரம்பை, அவ்வளவு போதும். மிச்ச நேரத்தில் வளவைப் பாருங்கள். முழு மாரியும், மேல்காற்று அடிக்கும் முழுக் கச்சான் காலமும் அந்த மண்ணில் எப்படி வந்து போகின்றன என்று பார்த்த ஆளுக்குத்தான் அடுத்த மாசியில் மண்வெட்டியை எங்கே போடுவது என்று தெரியும். இதைச் சொன்னபோது என் தங்கை, "அப்ப ஒரு வருசம் சும்மா கிடக்கிறதா?" என்று கோபித்துக்கொண்டாள். சும்மா கிடக்கச் சொல்லவில்லை, ஊரைச் சுற்றச் சொல்கிறேன். எனக்குத் தோட்டம் படிப்பித்ததில் பாதி என் வளவு, மீதி அடுத்தவர்களுடைய வேலி.

நான் படுவான்கரைக்காரி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் மண்ணில் வளர்ந்தவள். பிள்ளைகளின் படிப்புக்காகக் கல்லடிப் பக்கம் வந்தோம். படுவான்கரையில் மழை பெய்தால் களி செருப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். இங்கே வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடப்பது மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். ஆகவே நான் சொல்லப்போவது கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, இன்னும் கீழே கல்முனை வரைக்கும், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணலில் குடியேறியவர்களுக்குத்தான் அப்படியே பொருந்தும். களிமண்காரர் தண்ணீர்க் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் பார்க்க வேண்டியவை

தண்ணீர் முதலில். நமக்கு வருட மழையில் பெரும்பங்கு நவம்பர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. அந்த நாட்களில் குடையைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி வாருங்கள். வீதித் தண்ணீர் உள்ளே வருகிறதா, உள்ளிருப்பது வீதிக்குப் போகிறதா, எந்த மூலையில் தேங்குகிறது என்று பாருங்கள். மழை விட்டு இரண்டு நாளாகியும் வற்றாத இடத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வையுங்கள். அங்கே பப்பாசியும் மிளகாயும் வேண்டாம், வேர் அழுகிப்போகும். கங்குன், வல்லாரை, சேம்பு வைக்கலாம்.

அடுத்தது கிணறு. மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணி, புரட்டாதியில் அதே கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். நமது மணல் திட்டில் மழையால் ஊறிய நல்ல தண்ணீர், அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. மேலிருப்பதைப் பம்பி போட்டு மணிக்கணக்கில் இழுத்தால் கீழிருப்பது ஏறி வரும். வெயில் காலத்தில் ஒரேயடியாக இறைக்காமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று எடுத்தால் கிணறும் பிழைக்கும், தோட்டமும் பிழைக்கும். இலை ஓரம் மட்டும் தீய்ந்ததுபோல் காய்ந்தால் நோயென்று மருந்து தேடி ஓடாதீர்கள், முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

வெயில் விசயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். மாசியில் மதிலின் நிழல் விழும் இடம் சித்திரையில் வெயிலுக்குள் நிற்கும். ஏப்ரல் இரண்டாவது வாரம் வாக்கில் மத்தியானச் சூரியன் மட்டக்களப்புக்கு நேர் உச்சியில் வருகிறது. அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை அது நமக்கு வடக்கே நிற்கும். மார்கழியில் நாள் முழுக்க நிழலாய்க் கிடந்த வடக்குச் சுவரடிதான் ஆனியில் சுடும். அதனால் கீரைப்பாத்திக்கு இடம் தேடும்போது இன்றைய நிழலை மட்டும் நம்பாதீர்கள். மரம் தருவதே நம்பத்தகுந்த நிழல்.

காற்றும் அப்படித்தான், இரண்டு முகம். தை, மாசியில் கிழக்கே கடல் பக்கத்திலிருந்து உப்போடு வரும். வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் அடிக்கத் தொடங்கினால் ஈரமான சீலை கொடியில் போட்ட கையோடு காயும். இலையும் அதேபோல் காயும். கிழக்கு வேலியில் பூவரசும் மேற்கு வேலியில் கிளிசரியாவும் போட்டால் இரண்டுக்கும் ஒரு மறைப்பு. கிளிசரியா பிறகு பசளைக்கும் உதவும்.

மாசியில் ஏன் தொடங்க வேண்டும்?

காலக்கணக்கு எளிது. பொங்கல் முடிந்து மழை ஓயும். மண்ணில் ஈரம் இருக்கும், கிணறு நிறைய இருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. கச்சான் வருவதற்கிடையில் செடி வேரூன்றிக் காய்க்கத் தொடங்கிவிட வேண்டும். அதற்குத் தை நடுவில் நாற்றுப் போட்டு மாசி நடுவில் பிடுங்கி நட்டால் சரியாக வரும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு தொடங்குகிறவர் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. தை, மாசியில் படுவான்கரையில் பெரும்போக அறுவடை. வைக்கோல் மலிவாகக் கிடைக்கும் காலம் இதைவிட வேறில்லை. மணல் தோட்டத்துக்கு வைக்கோல் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆகவே வருடத்தின் முதல் ஊர்சுற்றலை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால் இரு பக்கமும் வயல். 2014இல் பாலம் திறப்பதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. சைக்கிள், மாடு, மணமக்கள், பிரேதம் எல்லாம் அந்தப் பாதையில்தான் போனது. என் பிள்ளைகளுக்கு இது கதை, எனக்குப் பள்ளிக்கூட நாள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, புல் தின்றதாகச் சொல்லும் கல் நந்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, வரும்வழியில் வைக்கோலும் மாட்டெருவும் பேசி முடிக்கலாம். மோட்டார்சைக்கிளில் இரண்டு சாக்கு எரு வரும். வைக்கோலுக்கு அயலில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி பிடிப்பதுதான் கட்டுபடி. அப்படிச் சேர்ந்து பிடித்ததில்தான் எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேரின் பெயர் எனக்குத் தெரியவந்தது.

எரு வாங்கும்போது கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். சாணி மணம் போய், மழை பெய்த மண்ணின் மணம் வந்து, விரலில் ஒட்டாமல் உதிர வேண்டும். சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் வளவில் ஒரு மூலையில் குவித்துச் சருகால் மூடிவைத்து, இந்தப் போகத்துக்கு வேறு பாருங்கள். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும். வைக்கோலைக் கொண்டுவந்த கையோடு பாத்தியில் பரப்பக்கூடாது. வளவில் விரித்து நனைத்துப் புரட்டி ஒரு கிழமை விடுங்கள். உதிர்ந்து கிடக்கும் நெல் அங்கேயே முளைத்து முடியட்டும். இல்லாவிட்டால் கத்தரிப் பாத்தி வயலாகிவிடும்.

மணலை மண்ணாக்குதல்

இந்த வேலைக்குக் குறுக்குவழி இல்லை. ஆனால் முழு வளவையும் திருத்தத் தேவையில்லை. எங்களுடையது பத்துப் பேர்ச் வளவு. வீடும் கிணறும் போக மிஞ்சியதில் நான் திருத்தியது நான்கு பாத்தி மட்டும். ஆறடி நீளம், மூன்றடி அகலம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைக்கக்கூடாது.

ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலை வெளியே எடுங்கள். அடியில் பொச்சு மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, நெருக்கி அடுக்குங்கள். தண்ணீரைப் பிடித்துவைக்கும் வேலையை அதுதான் செய்யப்போகிறது. தேங்காய் உரிக்கும் இடங்களில் கேட்டால் மட்டை கிடைக்கும். அடுக்கிய பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். காய்ந்த மட்டை மேலிருக்கும் ஈரத்தையும் தான் குடித்துவிடும். அதன்மேல் மெல்லிதாக மணல், கிளிசரியா இலைகுழை ஒரு சாண், மறுபடி மணல். மேல் அரை அடிக்கு மணலும் மக்கிய எருவும் சரிபாதி. அரிசி ஆலையில் உமி கிடைத்தால் அதைக் கருக்கி, சாம்பலாகாமல் தண்ணீர் தெளித்து அணைத்து, இரண்டு மூன்று கடகம் கலந்துவிடுங்கள். இரண்டு கிழமை ஆறவிட்டு நடலாம். நாற்று மேடையில் வளரும் காலத்துக்குள் அது முடிந்துவிடும்.

உரம் போடுவதில் எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் சொல்லைத்தான் நான் வேதமாக வைத்திருக்கிறேன். "இந்த மண் கைக்குழந்தை புள்ள. பசி இருக்கும், வயிறு சின்ன. கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும்." மணலில் ஒரேயடியாகப் போடும் பசளை அடுத்த தண்ணீரோடு கீழே போய்விடும். மாதம் ஒரு கூடை என்பதைவிடக் கிழமைக்கு ஒரு சிரட்டை மேல். அரிசி கழுவிய தண்ணீர், உப்புப் போடாமல் மீன் கழுவிய முதல் தண்ணீர் இரண்டையும் கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் மாறி மாறி ஊற்றுங்கள். மீன் தண்ணீர் ஊற்றினால் மேலே மணல் தூவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒழுங்கைப் பூனைகள் எல்லாம் பாத்தியைக் கிண்டிவிடும்.

கஞ்சல் குவித்து எரிப்பதை இந்த வருடத்தோடு விடுங்கள். பின்னேரங்களில் ஊரெல்லாம் புகை. எரிப்பது முழுக்க மண்ணுக்குப் போகவேண்டிய சருகு.

எதை நடுவது

அயல் வேலியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஐந்து வீட்டு வளவில் நன்றாக நிற்பது ஆறாவது வீட்டிலும் நிற்கும். எனக்குத் தெரிந்தவரை இந்த மணலில் பெண்பிள்ளைகள் மாதிரி அலுக்காமல் உழைப்பவை வெண்டியும் கத்தரியும் பயிற்றையும். கீரை எப்போதும் உண்டு. கோவா, கரட் என்று ஆசைப்படுகிறவர்கள் அதைச் சந்தையிலேயே வாங்கலாம்.

கத்தரி, மிளகாய், தக்காளிக்கு நாற்று மேடை வேண்டும். மேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி ஒருமுறை எரித்து ஆறவிட்டால் இளநாற்று அடியழுகிச் சாய்வது குறையும். விதையைக் கோடு கீறி ஐதாகப் போட்டு மூடி, சுற்றிவரச் சாம்பல் வளையம் போடுங்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவதில் அப்படிக் கெட்டிக்காரன். கத்தரி நாற்று நான்கு கிழமையில் பிடுங்கலாம், மிளகாய்க்கு அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட கத்தரிகளில் திண்ணைவேலி ஊதா நமது நாக்குக்குப் பழகினது. கூனி போட்டுக் கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கிறவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. விதையைக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். சந்தேகம் வந்தால் 1920க்கு அழைத்துக் கேட்கலாம், அது விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைத் தெரிந்துவைத்திருப்பதும் நல்லது.

நாற்றைப் பொழுதுபடும் நேரத்தில் பிடுங்கி நடுங்கள். கத்தரிக்கு இரண்டரை அடி இடைவெளி, மிளகாய்க்கு ஒன்றரை அடி. நட்ட நாலு நாளைக்கு மறைப்பு வேண்டும். அதற்கு வாழைத்தடல்தான் எனக்குப் பிடித்தது. தடலை ஒரு முழத் துண்டுகளாக வெட்டி, நடுவில் மடித்து, நாற்றின் மேல் கூரைபோல் குத்திவிட வேண்டும். உள்ளே குனிந்து பார்த்தால் தடலின் அறைகளிலிருந்து ஈரம் கசிந்து முத்து முத்தாக நிற்கும், நாற்றின் தலை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். தடல் காய்ந்து சுருங்கும்போது நாற்றுக்கு வெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். பிறகு அந்தத் தடலே பாத்தியில் கிடந்து உக்கட்டும்.

வெண்டியையும் பயிற்றையையும் நேரே பாத்தியில் ஊன்றலாம். வெண்டி விதையை ஓர் இரவு தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிட்டு, இரண்டடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. ஏழு கிழமைக்குள் காய் வரும். வந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். முற்றவிட்டால் மரம் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். பயிற்றைக்கு ஆறடிக் கம்பு இப்போதே நட்டுவையுங்கள். கொடி வந்த பிறகு நடப்போனால் வேர் அறும்.

பூசணி வைக்கிறவர்களுக்கு ஒரு வேலை கூட உண்டு. பூ பூத்துப் பூத்துக் காய் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களைப் பார்த்திருக்கிறேன். விடிந்து ஒன்பது மணிக்குள் கொடியடிக்குப் போங்கள். நீட்டுக் காம்பில் நிற்பது ஆண் பூ. பூவுக்கடியில் சுண்டுவிரல் நுனியளவில் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவி எடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். உரித்த இதழைச் சுண்டலுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் தயிர் முட்டியும்

மணலில் ஒருநாளைக்கு இரண்டு தரம், கொஞ்சம் கொஞ்சமாக. வைக்கோலை நான்கு விரற்கடை தடிப்பில் பரப்பினால் வெயில் ஏறிய பிறகும் அடியில் விரல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். செடித் தண்டை ஒட்டி மட்டும் வைக்கோல் வைக்க வேண்டாம்.

அப்புறம், தயிர் முட்டியை எறியாதீர்கள். நமது ஊரில் எருமைத் தயிருக்குக் குறைவில்லை, ஆகவே முட்டிக்கும் குறைவில்லை. சுட்ட மண் முட்டி தண்ணீரை மெதுவாகக் கசியவிடும். சாம்பலும் சுடுதண்ணீரும் போட்டு நெய்ப்பிடிப்புப் போகத் தேய்த்துக் கழுவி, நான்கு செடிக்கு நடுவில் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடிவிடுங்கள். வேர்கள் முட்டியைத் தேடிக்கொண்டு வந்து சுற்றிக்கொள்ளும். வீட்டில் இல்லாத நாட்களுக்கு இதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. ஆனால் மூடி கட்டாயம், சிரட்டை போதாது, இடைவெளி இல்லாமல் பொருந்தும் ஓடோ சட்டியோ வேண்டும். மாரி விட்ட பிறகு வரும் மாதங்கள்தான் இங்கே டெங்குக் காலம். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற மட்டும் ஒரு கிழமை, பத்து நாள்தான் செல்லும். ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு வளவைச் சுற்றி வந்து பூச்சாடித் தட்டு, சிரட்டை, யோகட் கப், பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்ப்பதைத் தோட்ட வேலையின் பாகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

வேண்டாத விருந்தாளிகள்

பெரிய ஆபிரிக்க நத்தை மழையோடு வந்து மாசி வரை நிற்கும். பகலில் ஓலைக்கடியிலும் மதிலடியிலும் கிடந்து இரவில் மேயும். பப்பாசி இலையை ஈரச் சாக்கின் கீழ் வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரம் போய்ப் பார்த்தால் கூட்டமாகச் சேர்ந்திருக்கும். கையுறை போட்டு அல்லது பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டு பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடக்கூடாது, அதில் மனிதருக்கு ஆகாத புழு இருக்கலாம். கடும் உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக் கொன்று, பாத்திக்குத் தூரத்தில் புதையுங்கள். நத்தைமேல் உப்புத் தூவுகிறேன் என்று பாத்தியில் உப்பைக் கொட்டினால் நத்தை போய்விடும், மண்ணும் போய்விடும்.

மிளகாய் இலை சுருண்டால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை ஈயும் சிறு பூச்சிகளும் அங்கேதான் குடியிருக்கும். மோசமாகச் சுருண்டு குட்டையாய்ப் போன செடியை இரக்கப்படாமல் பிடுங்கி எறியுங்கள், இல்லாவிட்டால் மற்றச் செடிக்கும் போகும். மற்றவற்றுக்கு வேப்பம் விதைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, சீலையால் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வேப்பம் விதை உதிர்வது ஆடி, ஆவணியில். அப்போது கோயில் வீதிகளில் பொறுக்கிக் கழுவி நிழலில் காயவைத்திருந்தால்தான் மாசியில் கையில் இருக்கும். முதல் வருடத்தில் செய்யக்கூடிய வேலைகளில் இதுவும் ஒன்று. பாகற்பிஞ்சைப் பழ ஈ குத்தாமல் இருக்க விரல் நீளம் வந்ததும் பழைய தாளில் பை செய்து கட்டிவிடுங்கள்.

கட்டாக்காலி மாட்டுக்கு மருந்து இல்லை. படலையைப் பூட்டுங்கள்.

பொழுதுபட ஊர் சுற்றல்

பின்னேரம் ஐந்து மணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிள்ளைகளோடு நடக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் வேறு ஒழுங்கை. கையில் ஒரு சிறு பையும் ஒரு கத்தியும் இருக்கட்டும். எந்த வளவில் பொன்னாங்காணி தடித்து நிற்கிறது, யாருடைய மாதுளையில் பூ நிற்கிறது, யார் வீட்டில் தென்னை கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது என்று எல்லாம் பாருங்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியைப் பார்த்த ஆட்கள் வீட்டுக்குக் கிட்டத் தென்னை வைக்க விடமாட்டார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள்.

தடி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வேலிக்கு மேலால் கை போடக்கூடாது. படலையில் நின்று, வயதைப் பார்த்து அக்காவோ மாமியோ என்று கூப்பிட்டு, முதலில் மரத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். பொழுதுபட்ட பிறகு மரத்தில் கை வைக்கப் பல வீடுகளில் விடமாட்டார்கள், மரம் நித்திரை என்பார்கள். ஆகவே வெளிச்சத்தில் போங்கள். வாங்கின வீட்டுக்கு உங்கள் முதல் காய்ப்பில் ஒரு பிடி போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அடுத்த முறை நீங்கள் கேட்கவே தேவையில்லை, தடி உங்கள் படலையில் வந்து கிடக்கும்.

நடையைக் கொஞ்சம் நீட்டினால் கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதில் நின்று வாவியைப் பார்த்தால் வலை வீசும் தோணிகள் தெரியும். மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் மாசியில் அவசரப்படாதீர்கள். மழை ஓய்ந்து வாவி அடங்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் அதற்குக் காலம் என்பார்கள், அதுவும் பறுவத்தை ஒட்டிய இரவுகளில், தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற நுனியில் காதை வைத்து. சின்னப் பிள்ளைகள் இருந்தால் காந்தி பூங்கா போதும். வாவிக் காற்று, கச்சான் கடலைச் சுருள், ஓட இடம். ஞாயிறென்றால் பாலமீன்மடுப் பக்கம் போய் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டையும் சுற்றியுள்ள கண்டல்களையும் காட்டலாம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும் அங்கேதான். நமது கிணற்றுத் தண்ணீர் ஏன் அப்படி இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த அதைவிட நல்ல இடமில்லை.

மண்வெட்டி, பூவாளி, கம்பிவலை வாங்கக் காத்தான்குடிக்குப் போங்கள். வெள்ளி மதியம் மட்டும் வேண்டாம், ஜும்மா நேரம் கடைகள் பூட்டியிருக்கும். கடைக்காரக் காக்காவிடம் மண்வெட்டிக்குப் பிடி போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். மணலுக்கு அகலத் தகடும் நீளப் பிடியும்தான் முதுகுக்கு நல்லது.

வைகாசியில் தோட்டம் நிறையக் காய்க்கும்போதுதான் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். சடங்கின் முடிவில் வரும் குளிர்த்தி நாளில் கோயிலுக்குப் போகிறவர்கள் வளவில் பூத்ததையும் வேப்பிலையையும் கொண்டு போகலாம். புதிதாகக் குடிவந்தவர்கள் ஊரோடு சேர அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. சடங்கில் வேலை செய்ய ஆள் எப்போதும் தேவை.

உன்னிச்சைக் குளம் போகிறவர்கள் காலையில் போய் மூன்று மணிக்கெல்லாம் திரும்புங்கள், பொழுதுசாய்ந்தால் அந்தப் பக்கம் யானை இறங்கும். பாசிக்குடாவுக்குச் சித்திரைக்குப் பிறகு போங்கள். மாசியில் கடல் இன்னும் முழுதாக அடங்கியிருக்காது. 35 கிலோமீற்றர்தான், வாழைச்சேனைக்குப் பஸ்ஸில் போய் ஓட்டோ பிடிக்கலாம், கல்குடா வரை ரயிலும் உண்டு. அயலில் நாலு குடும்பம் சேர்ந்தால் வான் பிடிப்பது மலிவு. சோற்றுப் பார்சலுக்கு வெண்டிக்காய்ப் பிரட்டலும் பயிற்றங்காய்ப் பொரியலும் உங்கள் பாத்தியிலிருந்தே வரும்.

போகும் நாளுக்கு முதல்நாள் மாலை முட்டிகளை நிரப்பி மூடுங்கள். காலையில் பாத்திக்குத் தண்ணீர் காட்டுங்கள். முற்றப்போகும் வெண்டியையெல்லாம் பறித்துவிடுங்கள். பின்னேரத் தண்ணீருக்கு ஊரில் நிற்கும் வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் சொல்லிவையுங்கள், எங்களுக்கு மாமியின் பேரன். கூலி கொடுத்தால் வாங்கமாட்டான். வரும்போது வழியில் ஒரு முட்டி தயிர் வாங்கி மாமி கையில் கொடுத்துவிட்டு, வெறும் முட்டியை எறிய வேண்டாம், திரும்ப எனக்குத்தான் என்று அப்போதே சொல்லிவைத்துவிடுவேன்.